பாரம் அனுப்பியாயிற்று; விண்ணப்பம் எங்கே போனது?

கோலாலம்பூர் - கல்வி உதவிநிதி, பள்ளி உபகரணங்கள், சமய வகுப்பு, தைப்பூசத் தொண்டூழியர் பதிவு, கைத்தொழில் பயிற்சி என்று இன்று எதற்கும் ஓர் இயங்கலைப் பாரம் வந்துவிடுகிறது. புலனத்தில் வரும் இணைப்பைத் தட்டி, பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் நிரப்பி, 'அனுப்பு' என்பதை அழுத்தினால் 'நன்றி, உங்கள் பதில் பெறப்பட்டது' என்று ஒரு வரி தோன்றும். விண்ணப்பம் செய்துவிட்டோம் என்ற நிம்மதியுடன் பெற்றோர் கைப்பேசியைக் கீழே வைக்கிறார்கள்.

அந்த வரி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பாரம் வந்து சேர்ந்தது. உதவி வழங்கும் குழு பார்க்கும் பட்டியலில் அந்தப் பிள்ளையின் பெயர் ஏறிவிட்டதா என்பது வேறு கேள்வி. பல சங்கங்களிலும் ஆலயங்களிலும் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு தொண்டூழியர் அமர்ந்திருக்கிறார். இரவு வேலை முடிந்து வந்து, பாரத்தில் வந்த விவரங்களை ஒவ்வொன்றாக எக்செல் பட்டியலில் ஒட்டுகிறார். ஒரு வரி தவறினால் ஒரு குடும்பம் தவறிப்போகும். தவறியது அவருக்கும் தெரியாது, அந்தக் குடும்பத்துக்கும் தெரியாது.

இந்த நடுவழி வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்க இன்று கணினி நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாரத்தையும் மேகத் தரவுத்தளத்தையும் இணைத்துவிடும் தானியக்கச் சேவைகள் இருக்கின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன, நம் ஊர்ப் பெயர்களும் எண்களும் அவற்றில் எங்கே சிக்கிக்கொள்கின்றன என்பதை அறிந்துகொண்டால், பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு சிறிய சங்கமும் கிள்ளானில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் இதைச் சரியாகச் செய்யலாம்.

இரண்டு பேரிடர்கள் காட்டியது

2021ஆம் ஆண்டு ஜூன் இறுதியில், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்தபோது, உணவுக்கு வழியில்லாதவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டலாம் என்ற அழைப்பு நாடெங்கும் பரவியது. சில நாள்களிலேயே 'சம்பல் எஸ்ஓஎஸ்' என்ற செயலியும் 'கித்தா ஜாகா' என்ற இணைய வரைபடமும் வந்தன. உதவி கேட்பவர் எங்கே இருக்கிறார், அருகில் உணவு தருபவர் யார் என்பதை இரு தரப்பினரும் ஒரே இடத்தில் பார்க்க முடிந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 17, 18ஆம் தேதிகளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கொட்டிய மழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியது. வீட்டின் மேல்மாடியிலும் கூரையிலும் சிக்கிக்கொண்டவர்களின் முகவரிகள் புலனக் குழுக்களிலும் சமூக ஊடகங்களிலும் பறந்தன. நாடு முழுவதும் அந்த வெள்ளப் பருவத்தின் இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை பின்னர் மதிப்பிட்டது.

புலனத்தில் பரவும் ஒரு முகவரிக்குத் தேதி கிடையாது, நிலையும் கிடையாது. மீட்கப்பட்ட குடும்பத்தின் முகவரி மறுநாளும் பகிரப்படும். யாரும் போய்ப் பார்க்காத வீடு அடுத்த நூறு செய்திகளுக்குக் கீழே புதைந்துவிடும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது தன்னார்வலர்கள் இதை உணர்ந்து, தங்குமிடம், உணவு, மீட்பு விவரங்களைப் பொதுவான இணையப் பட்டியலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு கோரிக்கை ஒரே ஒரு வரியாக இருந்து, அதன் அருகில் 'சரிபார்க்கப்பட்டது', 'உதவி சென்றது' என்று குறிக்க முடிந்தால்தான் வேலை நகரும். தரவுத்தளம் செய்வது அதைத்தான்.

மூன்று பகுதிகள்

இந்த அமைப்பில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது பாரம்: கூகள் ஃபார்ம்ஸ், மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ், ஜாட்ஃபார்ம் போன்றவை. மூன்றாவது தரவுத்தளம்: ஏர்டேபிள், சூப்பாபேஸ் போன்றவை, சிறிய தேவைக்குக் கூகள் ஷீட்ஸ் பட்டியலே போதும். இவை நம் கணினியில் இல்லாமல் இணையம்வழி வேறெங்கோ உள்ள கணினிகளில் இருப்பதால்தான் 'மேகம்' என்ற சொல்.

நடுவில் இருப்பது தானியக்கச் சேவை: ஸேப்பியர், மேக், பவர் ஆட்டோமேட், என்8என் போன்றவை. இவற்றின் அடிப்படை விதி ஒரு வாக்கியம்: 'இது நடந்தால் அதைச் செய்.' புதிய பாரம் வருவது தூண்டுதல். தரவுத்தளத்தில் புதிய வரி சேர்ப்பது செயல். பாரத்தின் 'தாயார் பெயர்' என்ற பதில் தரவுத்தளத்தின் எந்தக் கட்டத்துக்குப் போகவேண்டும் என்பதைத் திரையில் ஒன்றோடு ஒன்று பொருத்திக் காட்டினால் போதும்.

தூண்டுதலில் இரண்டு வகை உண்டு. சில இணைப்புகள் 5 நிமிடத்துக்கோ 15 நிமிடத்துக்கோ ஒருமுறை போய், புதிதாக ஏதும் வந்திருக்கிறதா என்று பார்க்கும். தபால் பெட்டியை அவ்வப்போது திறந்து பார்ப்பது போல. மற்றது 'வெப்ஹூக்'. பாரம் வந்ததும் அதுவே கதவைத் தட்டிச் செய்தி சொல்லும். உபகாரச் சம்பளப் பட்டியலுக்கு முதல் வகையே போதும். வெள்ள மீட்புக் கோரிக்கைக்கு இரண்டாவது வேண்டும்.

ஒரு விண்ணப்பத்தின் பயணம்

கிள்ளானில் ஓர் ஆலயம் 200 மாணவர்களுக்குப் பள்ளிப் பை வழங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாய் பாரத்தை அனுப்புகிறார். தானியக்கம் முதலில் எண்களைச் சீராக்குகிறது. அடுத்து அதே மாணவர் ஏற்கெனவே பதிவில் இருக்கிறாரா என்று தேடுகிறது. இருந்தால் அந்த வரியைப் புதுப்பிக்கிறது. இல்லாவிட்டால் புதிய வரி சேர்க்கிறது. தரவுத்தளம் அந்த வரிக்கு ஒரு பதிவு எண் தருகிறது. கடைசியாக, அந்தப் பதிவு எண்ணுடன் தாய்க்கு ஒரு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ போகிறது.

இந்த வரிசையை மாற்றக்கூடாது. பல இடங்களில் பாரம் வந்தவுடன் உறுதிச் செய்தியை அனுப்பிவிட்டு, அதன் பிறகு தரவுத்தளத்தில் சேர்க்கும்படி அமைத்துவிடுகிறார்கள். சேர்க்கும் படி தோற்றுப்போனால், தாயிடம் 'பதிவாகிவிட்டது' என்ற செய்தி இருக்கும். ஆலயத்திடம் பதிவு இருக்காது. பை வழங்கும் நாளன்று மண்டபத்தில் வாக்குவாதம் அங்கேதான் தொடங்கும். பதிவு ஏறிய பிறகு, பதிவு எண்ணோடு மட்டுமே உறுதிச் செய்தி போகவேண்டும். அந்த எண் இல்லாதவர் 'என் விண்ணப்பம் என்ன ஆனது?' என்று முன்கூட்டியே கேட்டு வருவார்.

காணாமல் போகும் பூஜ்யம்

நம் நாட்டு அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் பூஜ்யத்தில் தொடங்கும். எஸ்.பி.எம். முடித்துக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போகிற தலைமுறை இதுதான். உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோரும் இவர்கள்தான்.

பட்டியல் மென்பொருள் இதை அடையாளமாகப் பார்க்காமல் கூட்டிக் கழிக்கும் எண்ணாகப் பார்த்தால், முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தூக்கி எறிந்துவிடும். 12 இலக்க எண் 11 ஆகிவிடும். 2000ஆம் ஆண்டில் பிறந்தவருக்கு முன்னால் உள்ள பூஜ்யங்கள் எல்லாம் போய், பிறந்த மாதத்தைப் பொறுத்து 10 அல்லது 9 ஆகிவிடும். தேடும்போது 'அப்படி ஒருவர் இல்லை' என்று வரும். சுங்கைப் பட்டாணியின் 08000, கூலிமின் 09000 போன்ற அஞ்சல் குறியீடுகளுக்கும் இதே கதி. 012, 016 என்று தொடங்கும் கைப்பேசி எண்களுக்கும் இதே கதி.

வங்கிக் கணக்கு எண்ணில் ஆபத்து இன்னும் பெரிது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே நினைவில் வைக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகவே உள்ளிட்டால் கடைசி இலக்கம் பூஜ்யமாக மாறிவிடும். பணம் அனுப்பும் நாள்வரை யாருக்கும் தெரியாது.

தீர்வு எளிது. அடையாள அட்டை, தொலைபேசி, அஞ்சல் குறியீடு, வங்கிக் கணக்கு ஆகிய நான்கையும் தரவுத்தளத்தில் 'உரை' வகைக் கட்டங்களாக அமைக்கவேண்டும். முதல் விண்ணப்பம் வருவதற்கு முன்பே செய்யவேண்டும். தொலைந்த இலக்கத்தைப் பிறகு வடிவமைப்பை மாற்றி மீட்க முடியாது. தேதியையும் கவனிக்கவேண்டும். 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க அமைப்பில் இயங்கும் சேவைக்கு மார்ச் 4.

ஏ/எல், ஏ/பி: பெயர் படும் பாடு

வெளிநாட்டில் உருவான பாரங்கள் முதற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டங்களைக் கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஒருவர் தந்தை பெயரை இரண்டாவது கட்டத்தில் போடுவார். இன்னொருவர் ஏ/எல் அல்லது ஏ/பி சேர்த்து முழுப்பெயரையும் முதல் கட்டத்தில் போட்டு, மற்றதில் ஒரு புள்ளி வைப்பார். அந்தச் சாய்வுக்கோட்டையே ஏற்காத பாரங்களும் உண்டு. அதனால் 'அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்' என்ற ஒரே கட்டம்தான் நமக்குப் பொருந்தும்.

எழுத்துக்கூட்டல் அடுத்த சிக்கல். தோட்டத்து மருத்துவமனையிலும் பதிவு அலுவலகத்திலும் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதப்பட்ட பெயர்கள் நம்மிடம் நிறைய. லட்சுமணன் 'லெட்சுமணன்' ஆகியிருப்பார். சரஸ்வதி 'சரஸ்பதி' ஆகியிருப்பார். ரோமன் எழுத்தில் ஒரே பெயருக்கு நான்கைந்து வடிவங்கள் உண்டு. தந்தை ஒரு மாதிரியும் தாய் ஒரு மாதிரியும் எழுதி அனுப்பினால், பெயரை வைத்துத் தேடும் தானியக்கம் ஒரு பிள்ளையை இருவராகப் பதிவு செய்யும். ஒரே பெயருள்ள இரு பிள்ளைகளை ஒருவராக்கிவிடும் ஆபத்து அதைவிட மோசம்.

எனவே ஒருவரை அடையாளம் காணும் திறவுகோலாகப் பெயரைப் பயன்படுத்தக்கூடாது. கோடுகள் நீக்கிய 12 இலக்க எண்ணைப் பயன்படுத்தலாம். ஆனால் அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கிவிட்டால், அடையாள அட்டையே இல்லாத பிள்ளை பாரத்தை அனுப்பவே முடியாது. பிறப்புப் பதிவு, குடியுரிமை ஆவணச் சிக்கல்களோடு போராடும் இந்தியக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. உதவி அதிகம் தேவைப்படுபவரை முதல் கேள்வியிலேயே வெளியே நிறுத்தும் பாரம் யாருக்காக? 'ஆவணம் இல்லை' என்ற ஒரு தெரிவு வைத்து, அதைத் தேர்ந்தெடுப்பவர்களைத் தனிப் பட்டியலுக்கு அனுப்பி, ஒரு மனிதர் தொலைபேசியில் அழைத்துப் பேசும்படி தானியக்கத்தை அமைக்கலாம். அந்தப் பதிவுக்குத் தரவுத்தளம் தரும் எண்ணே திறவுகோலாக இருக்கட்டும்.

சத்தமில்லாமல் நின்றுபோனால்?

கையால் ஒட்டும் தொண்டூழியர் களைத்தால் சொல்லிவிடுவார். இயந்திரம் சொல்லாது. 2020ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்த கோவிட்-19 முடிவுகளைத் தானியக்கமாகத் தன் பட்டியலில் சேர்த்துவந்தது. அதற்குப் பயன்பட்ட பழைய எக்செல் கோப்பு வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காது. மீறி வந்தவை கைவிடப்பட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டன. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் தாமதமானது.

வளம் மிகுந்த ஓர் அரசு அமைப்புக்கே இது நடந்தது. நம் சங்கங்கள் பெரும்பாலும் இலவசத் திட்டங்களையே பயன்படுத்தும். அவற்றுக்கும் வரம்பு உண்டு. ஸேப்பியரின் இலவசத் திட்டம் மாதத்துக்கு 100 செயல்களையும், ஏர்டேபிளின் இலவசத் திட்டம் ஒரு தளத்துக்கு 1,000 பதிவுகளையும் அனுமதிக்கின்றன. இந்த அளவுகளை நிறுவனங்கள் அவ்வப்போது மாற்றுவதால், தொடங்கும் நாளில் பார்த்துக்கொள்வது நல்லது. 100 செயல் வரம்பில் 140 பேர் விண்ணப்பித்தால் 40 பேர் பாதி வழியில் நிற்பார்கள். அவர்கள் திரையிலும் 'நன்றி' என்ற வரி தோன்றியிருக்கும்.

பாரத்தை நடுவில் திருத்துவதும் ஆபத்து. 'தொலைபேசி எண்' என்ற கேள்வியை நீக்கிவிட்டு 'புலன எண்' என்று புதிதாகச் சேர்த்தால், பழைய பொருத்தம் அறுந்துபோகும். அந்தக் கட்டம் அன்றிலிருந்து காலியாகவே வரும். கேள்வியை மாற்றினால் இணைப்பையும் திறந்து சரிபார்த்து, ஒரு சோதனை விண்ணப்பம் அனுப்பிப் பார்க்கவேண்டும்.

காவலுக்கு இரண்டு ஏற்பாடுகள் போதும். ஒன்று, தானியக்கம் தோற்றால் எச்சரிக்கை மின்னஞ்சல் போகும்படி அமைப்பது. அது ஒருவருக்கு மட்டும் போகாமல் இருவருக்குப் போகட்டும்; ஒருவர் ஊரில் இல்லாத வாரத்தில்தான் கோளாறு வரும். மற்றொன்று அன்றாட எண்ணிக்கை. பாரத்தில் 87 பதில்கள் என்றால், தரவுத்தளத்தில் 87 பதிவுகள் இருக்கின்றனவா? இல்லையென்றால் வேறுபாடு எதனால்? ஒரே மாணவருக்கு இருமுறை விண்ணப்பித்ததாலா, விடுபட்டதாலா? இரண்டு நிமிட வேலை.

நம் எண் யார் கையில்?

அடையாள அட்டை எண்ணைப் பார்த்தாலே ஒருவரின் பிறந்த நாள், பிறந்த மாநிலம், ஆணா பெண்ணா என்பது தெரிந்துவிடும். அதோடு முகவரி, குடும்ப வருமானம், வங்கிக் கணக்கு ஆகியவையும் ஒரே வரியில் சேர்ந்தால், மோசடிக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. வணிக நடவடிக்கைகளில் கையாளப்படும் தனிநபர் விவரங்களுக்கு அது பொருந்தும். டியூஷன் நிலையம், திருமண மண்டபம், பயண நிறுவனம் போன்றவை அதன் வரம்புக்குள் வரும். எதற்காக விவரம் கேட்கிறோம் என்ற அறிவிப்பை மலாயிலும் ஆங்கிலத்திலும் தரவேண்டும் என்கிறது அச்சட்டம். தமிழிலும் சேர்த்துத் தருவது நம் பொறுப்பு. 2024இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, தரவு கசிந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்ற விதி 2025 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. அறப்பணிதானே என்று ஓர் ஆலயமோ சங்கமோ இதை ஒதுக்கிவிடக்கூடாது. நம்பிக் கொடுத்தவரின் எண் எங்கிருந்து கசிந்தாலும் அவருக்கு வரும் துன்பம் ஒன்றுதான்.

செய்யவேண்டியவை சில. தேவையில்லாததைக் கேட்காதீர்கள், பள்ளிப் பைக்கு வங்கிக் கணக்கு எண் எதற்கு? கூகள் ஃபார்ம்ஸில் பதில்களின் சுருக்கத்தை விண்ணப்பிப்பவர்களுக்கும் காட்டும் ஓர் அமைப்பு உண்டு. அது அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முழுப் பட்டியலின் இணைப்பைப் புலனக் குழுவில் போடாமல், பார்க்கவேண்டியவர்களுக்குத் தனித்தனி அனுமதி கொடுங்கள். தானியக்கத்தின் கடவுச்சொல் பதவி விலகிய செயலாளரிடமே தங்கிவிடாமல், சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் கணக்கைத் திறந்து அதில் எல்லாவற்றையும் வையுங்கள். வழங்கல் முடிந்த பின் எத்தனை மாதத்தில் விவரங்கள் அழிக்கப்படும் என்பதையும் பாரத்திலேயே எழுதிவிடுங்கள்.

எல்லாருக்கும் திறக்கும் கதவு

1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இயங்குகிறது. பார்வையற்றவர்கள் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் துணையோடு பாரங்களை நிரப்புகிறார்கள். கேள்வியைப் படமாக ஒட்டிவிட்டால் அந்த மென்பொருளுக்கு வாசிக்க எதுவும் இருக்காது. வண்ண விளம்பரத் தாளைப் படமாகப் போட்டுக் கீழே வெறும் கட்டங்களை வைக்கும் பாரங்கள் அவர்களுக்குப் பூட்டிய கதவுகள். கேள்விகளை எழுத்தில் கொடுத்தால் போதும், கதவு திறந்துவிடும்.

தோட்டப்புறப் பெரியவர்களுக்கு வேறொரு தடை. கூகள் ஃபார்ம்ஸில் ஆவணத்தின் படத்தை இணைக்கச் சொன்னால், நிரப்புபவர் கூகள் கணக்கில் நுழைந்தே ஆகவேண்டும். கடவுச்சொல் மறந்த பாட்டி அங்கேயே நின்றுவிடுவார். முதல் கட்டத்தில் படம் கேட்காமல், தேர்வானவர்களிடம் மட்டும் பின்னர் நேரில் பார்த்துக்கொள்ளலாம். இணையமே எட்டாதவர்களுக்கு ஒரு தொலைபேசி எண் கொடுத்து, எடுத்துப் பேசுபவர் அதே பாரத்தை அவர்கள் சார்பாக நிரப்பலாம். அப்படிச் செய்தால் காகிதத்தில் ஒன்று, கணினியில் ஒன்று என்று இரண்டு பட்டியல்கள் உருவாகாது.

தொடங்கும் முன்

பாரத்தின் இணைப்பைப் பொதுவில் விடுவதற்கு முன் ஐந்து சோதனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்ப்பது நல்லது. ஒன்று, பூஜ்யத்தில் தொடங்கும் அடையாள அட்டை எண்ணுடன். ஒன்று, ஏ/பி உள்ள நீண்ட பெயருடன். ஒன்று, அதே மாணவருக்கு வேறு எழுத்துக்கூட்டலில் இரண்டாம் முறை. ஒன்று, ஆவணம் இல்லாதவராக. கடைசியாக ஒன்று, தரவுத்தள இணைப்பை வேண்டுமென்றே துண்டித்துவிட்டு.

நான்காவது விண்ணப்பம் தனிப் பட்டியலுக்குப் போய்ச் சேரவேண்டும். ஐந்தாவதில் எச்சரிக்கை இருவருக்கும் வரவேண்டும்; விண்ணப்பித்தவருக்குப் பதிவு எண் போயிருக்கக்கூடாது. இவை ஐந்தும் சரியாக நடந்த பிறகு இணைப்பைப் புலனத்தில் பகிரலாம்.

விண்ணப்பிக்கும் பெற்றோர் செய்யவேண்டியது ஒன்றுதான். 'நன்றி' என்ற வரியோடு நின்றுவிடாமல் பதிவு எண் வந்ததா என்று பாருங்கள். வரவில்லை என்றால் மறுநாளே ஏற்பாட்டாளரை அழைத்துக் கேளுங்கள். பட்டியல் மூடுவதற்கு முன் கேட்டால் ஒரு வரியைச் சேர்ப்பது எளிது.